மஞ்சள் படாத கை

டிசம்பர் 11, புதன்

நேற்று ஒரு தவறு செய்துவிட்டேன். சின்னத் தவறுதான், ஆனாலும் எழுதி வைக்கிறேன். பச்சை மோரிஸ் காரின் பானெட்டைச் சரியாகப் பார்க்காமலே ‘துரு நீங்கியது’ என்று பதிந்துவிட்டேன். இன்று காலை தார்ப்பாயை முழுதாக விலக்கி வெயிலில் பார்த்தபோது, பானெட்டின் நடுவில் மூன்று துருப்புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு. சுற்றிலும் தகடு ஆலையிலிருந்து நேற்று வந்ததுபோல மின்னுகிறது. அந்த மூன்று இடத்தில் மட்டும் செம்பழுப்பு.

இடத்தையும் பொருளையும் முதலில் எழுதிவிட்டுத்தான் செயலுக்கு வர வேண்டும் என்று நான் படிக்கும் வேதியியல் மாலை வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். நான் செயலிலிருந்தே தொடங்கிவிட்டேன். இது இரண்டாவது தவறு.

இடம், மணிமங்கலம் தாண்டியுள்ள கிடங்கு. பழைய வாகனக் காட்சியகத்தில் நிறுத்த இடமில்லாத வண்டிகளை இங்கே வைத்திருந்தார்கள். நவம்பரில் ஏரி உடைந்தபோது எல்லா வண்டிகளும் ஸ்டியரிங் முங்கும் அளவு சேற்றுத் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் கிடங்கே செம்மண் காடு மாதிரி இருந்தது. தொட்ட இடமெல்லாம் துரு.

பொருள், ‘தயிர்’. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. பெண்கள் அதைத் தயிர் என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது. வெள்ளை விழுது, புளித்த வாசனை. பீப்பாயில் தூங்கிக்கொண்டே வருகிறது. அதற்குள் இருக்கும் நுண்ணுயிர் துருவைத் தின்று மறுபடி இரும்பாக்கிவிடும்.

“துருவத் தின்னுட்டு இரும்பக் கக்குது” என்று பாக்கியம் அக்கா முதல் நாளே சொன்னார். “எங்க வீட்டுக்காரரு சாராயத்தக் குடிச்சிட்டு சண்டையக் கக்கற மாதிரி.”

தயிரை எழுப்ப ஒரே வழிதான் உண்டு. தொட்டியில் கொட்டி, வெறுங்கையால் பிசைய வேண்டும். இயந்திரத்தில் கலக்கினால் எழாது. வெந்நீர் ஊற்றினாலும் எழாது. கைச்சூடு பட்டுப் பட்டு ஒரு கட்டத்தில் நுரை வரும். பிறகு வண்டியில் பூசித் தார்ப்பாய் மூடிவிட்டால் மறுநாள் காலை கழுவிவிடலாம். ஆறு பெண்கள் பிசைகிறார்கள். என் கை எதிலும் படாது. கையுறை போட்டுக்கொண்டு படம் எடுப்பதும் பதிவதும்தான் என் வேலை.

புள்ளிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பாக்கியம் அக்கா வந்து நின்றார்.

“என்ன கேமராப் பொண்ணு, வண்டிக்கு நான் வச்ச பொட்டு நல்லால்லையா?”

“நீங்க வச்சதா?”

“வெள்ளிக்கிழம தயிர் பூச ஆரம்பிச்சோம். வெறும் நெத்தியோட எப்படி ஆரம்பிக்கறது? மஞ்சள் கொழச்சு மூணு பொட்டு வச்சேன்.”

காரணம் அதுவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சோதிக்காமல் எழுதக் கூடாது.

டிசம்பர் 14, சனி

தபால் வேனின் கதவில் தயிர் பூசும் முன் நான்கு புள்ளிகள் வைத்தேன். சந்தனம், குங்குமம், விபூதி, மஞ்சள். மறுநாள் சந்தனமும் விபூதியும் இருந்த இடம் மின்னியது. குங்குமத்தின் கீழ் லேசாகத் துரு. மஞ்சளின் கீழ் துரு அப்படியே இருந்தது. ஒரு முறை பார்த்தது போதாது என்று தீயணைப்பு வண்டியின் ஏணியிலும் செய்தேன். அதே முடிவு.

தயிர் நிறுவனத்தின் பொறுப்பாளர் ரகோத்தமன் சாரிடம் அறிக்கை கொடுத்தேன். மெதுவாகப் பேசுகிறவர். எல்லாரையும் வாங்க போங்க என்றே கூப்பிடுவார். நின்றுகொண்டே முழுதும் படித்தார்.

“ஆறு மாசமா எங்க ஆய்வகத்துல ஒருத்தர் கண்ணுலயும் இது படலையே.”

“அங்க வண்டிக்குப் பொட்டு வைக்க மாட்டாங்களா இருக்கும் சார்.”

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சிரித்தது பிடித்திருந்தது. பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். பிசைகிறவர்களில் செங்கமலம் அக்காவின் தொட்டிதான் எப்போதும் முதலில் நுரைக்கும். மற்றவர்கள் பாதி பிசைவதற்குள் அவருக்கு முடிந்துவிடும். அதனால் பெரிய வண்டிகள் எல்லாம் அவரிடம்தான் வரும். இன்றும் ரகோத்தமன் சார் எல்லார் முன்னாலும், “உங்க கை ராசியான கைம்மா” என்றார்.

மதியம் சாப்பிடும்போது செங்கமலம் அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார்: “எங்க அண்ணன் வீடு கட்டி பால் காய்ச்சினப்ப என்னய வெளிய நிக்க வச்சாங்க. காய்ச்சி முடிச்சப்புறம்தான் உள்ள கூப்டாங்க. எங்க வீட்டுக்காரரு போயி ஆறு வருஷம். இந்தக் கையப் பாத்து ராசின்னு சொன்ன மொத ஆளு அந்த சார்தான்.”

சொல்லிவிட்டு உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை வெளுத்திருந்தது. தயிர் பட்டுப்பட்டு அப்படி ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

புதிய விதி வந்துவிட்டது. வண்டிக்குப் பொட்டு கூடாது. அது நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் பிசைகிறவர்கள் மஞ்சள் தேய்த்துக் குளிக்கவும் கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள். முகத்தில், கையில், காலில் எங்குமே கூடாது. வாசலில் சோப்பு வைத்திருக்கிறார்கள். காவலாளி உள்ளங்கையைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்.

பாக்கியம் அக்கா கையைக் கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“நீ எழுதிக் குடுத்ததாம்ல?”

“வண்டிக்கு வைக்கறத மட்டும்தான்க்கா எழுதினேன்.”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மஞ்சள் இல்லாம நான் குளிச்சதில்ல. ஒரே நாள்ல எங்க அத்தன பேரையும் தாலியறுத்தவ மாதிரி நிக்க வச்சிட்டியேடி.”

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்துத் தொட்டியில் செங்கமலம் அக்கா இருப்பதை அவர் பார்த்தார். தொட்டியில் தயிர் சளக் சளக்கென்று சத்தம் போட்டது.

செங்கமலம் அக்காதான் பேசினார். “வாங்க வாங்க, எல்லாரும் நம்ம கட்சிக்கு வந்துட்டீங்களா? உறுப்பினர் அட்ட நாந்தான் குடுப்பேன்.”

பாக்கியம் அக்கா அவர் தோளில் ஈரக் கையாலேயே ஒரு அடி வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை வேகமாகிவிட்டது, மறுக்க முடியாது. ஆறு தொட்டியிலும் இப்போது ஒரே நேரத்தில் நுரை வருகிறது. கழுவிய வண்டிகளின் வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. ஹெரால்டு காரின் அடித்தகட்டில் துரு அரித்த ஓட்டைகளின் விளிம்பு உள்நோக்கி வளர்ந்து ஓட்டைகள் சுருங்கியிருக்கின்றன. அதை நான் தொட்டுப் பார்க்கவில்லை.

மாலை கிளம்பும்போது பின் சுவர் பக்கம் செங்கமலம் அக்கா நின்றிருந்தார். வெள்ளத்தில் இடிந்த சுவரின் செங்கல் துண்டு ஒன்று கையில். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முந்தானையால் வாயைத் துடைத்தார்.

“யார்ட்டயும் சொல்லாத. மண்ணு வாசன வந்தாலே நாக்கு ஊறுது. மாசமா இருக்கறவளுக்கு வர்ற ஆச மாதிரி, இந்த வயசுல.”

டிசம்பர் 23, திங்கள்

பாக்கியம் அக்கா மடியில் பச்சரிசி முடிந்து வைத்துக்கொண்டு நாள் முழுவதும் மெல்லுகிறார். சும்மா வாய்க்கு என்கிறார். மற்ற நால்வரில் ஒருவர் மாடிப்படி ஏற முடியவில்லை என்று கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒருவருக்குக் காதில் இரைச்சல்.

மாலை வகுப்பில் என் பக்கத்து இருக்கை பெனாசிருடையது. பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இடைவேளையில் டீ குடிக்கும்போது சொன்னேன்.

“பச்சரிசி, செங்கல். அப்புறம்?” என்று கேட்டாள்.

“மூச்சு வாங்குது. உள்ளங்கை வெள்ளையா இருக்கு.”

“இப்படி யாராவது வந்தா, டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே நாங்க ஊசிய எடுத்துடுவோம். ரத்தத்துல இரும்பு இல்ல. உன் தயிர் எதத் தின்னும்னு சொன்ன?”

“துருவ.”

“துருங்கறது என்ன?”

அதுவும் இரும்புதான். வகுப்பில் முதல் வாரமே படித்தது.

“ஆனா எடை பார்க்கிறோமே” என்றேன். “ஒவ்வொரு வண்டியையும் பூசறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போடறோம். ஆளுங்க கிட்டேர்ந்து இரும்பு போயிருந்தா தெரியணும் இல்ல?”

“எவ்ளோ போகும்னு நெனக்கிற? ஒரு ஆளு ஒடம்புல இருக்கற மொத்த இரும்பும் ஒரு ஆணி அளவுதான். லாரி போடற எடை மேடையில ஒரு ஆணி தெரியுமா?”

டீ ஆறிப் போயிருந்தது. அவள் குடிக்கவில்லை.

“ஒண்ணு மட்டும் புரியல” என்றாள். “எல்லாரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்கதானே? அந்த செங்கமலத்துக்கு மட்டும் ஏன் முன்னாடியே ஆரம்பிச்சுது? மத்தவங்களுக்கு ஏன் போன வாரம்?”

எனக்குப் பதில் தெரிந்தது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன். மற்ற ஐவரும் தினமும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பவர்கள். தயிர் அவர்கள் கைக்குள் போக முடியவில்லை, அதனால்தான் அவர்கள் தொட்டி மெதுவாக நுரைத்தது. செங்கமலம் அக்கா மஞ்சள் தொட்டு ஆறு வருடம். ராசி என்று சார் சொன்னது அதைத்தான். போன செவ்வாயிலிருந்து எல்லார் கையும் அவர் கை ஆகிவிட்டது.

இது என் ஊகம்தான். தவறாக இருக்கலாம். தவறாக இருக்க வேண்டும் என்று இதுவரை எந்த முடிவைப் பற்றியும் நான் விரும்பியதில்லை.

டிசம்பர் 26, வியாழன்

காலையில் செங்கமலம் அக்கா தொட்டியின் மேலேயே சாய்ந்துவிட்டார். கை முழங்கை வரை தயிருக்குள் இருந்தது. பாக்கியம் அக்காதான் இழுத்து வெளியே போட்டார். அந்தத் தொட்டி அதுவரை நான் பார்க்காத அளவு நுரைத்து, வழிந்து தரையில் ஓடியது. ஆட்டோவில் தாம்பரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள்.

ரகோத்தமன் சாரின் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதி எடுத்துப் போனேன், இல்லாவிட்டால் உளறுவேன். அவர் நடுவில் குறுக்கிடவில்லை.

“உட்காருங்க” என்றார். “நீங்க சொல்றது சரி. கைச்சூடுன்னுதான் நாங்களும் நெனச்சோம். சூடு இல்ல அது. உயிரோட இருக்கற இரும்பு கொஞ்சம் அதுக்கு ருசி காட்டணும். அப்பத்தான் முழிக்கும்.”

“இது உங்களுக்கு எப்ப தெரியும் சார்?”

“சந்தேகம் இருந்துச்சு. உங்க அறிக்கை வந்தப்புறம்தான் உறுதியாச்சு.”

“அப்ப விதிய எடுத்துடலாமே. மஞ்சள் பூசிக்கட்டும். நுரை மெதுவாத்தானே வரும்.”

“மெதுவா இல்ல. பாதி நாள் வரவே வராது.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இந்தக் கார் எல்லாம் ஒரு ஒத்திகை. ஊர் முழுக்க வெள்ளத்தண்ணிய எறைக்கற பம்பு துருப்பிடிச்சு நிக்குது. அடுத்த புயலுக்குள்ள ஓடலேன்னா எத்தன வீடு முங்கும்னு நீங்களே கணக்குப் போடுங்க. உங்களுக்குக் கணக்கு வரும். ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம் மாத்திரை கொடுத்தா சரியாப் போற ரத்தசோகை.”

“மாத்திரையில சரியாகுமா சார்?”

அவர் மேசையில் இருந்த ஒரு துண்டறிக்கையை என் பக்கம் நகர்த்தினார். பம்பு நிலையங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பெண்கள் மட்டும். கணவரை இழந்தவர்களுக்கு முன்னுரிமை.

நான் கடைசி வரியைத் திரும்பப் படித்தேன்.

“நல்ல விஷயம்தானே?” என்றார். “யாரும் கூப்பிடாதவங்கள நாங்க கூப்பிடறோம். மத்தவங்கன்னா தினமும் வாசல்ல நின்னு கையை மோந்து பாத்துட்டே இருக்கணும். நீங்களும் அங்க வந்துடுங்க. பதிவு வேலைக்கு உங்கள மாதிரி கவனமா இருக்கறவங்க வேணும்.”

அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

டிசம்பர் 29, ஞாயிறு

பாக்கியம் அக்காவும் நானும் கிடங்கிலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனோம். பெனாசிர் சொன்னதையும் என் ஊகத்தையும் பஸ்ஸிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் கடையில் ஒரு மஞ்சள் தூள் பாக்கெட் வாங்கினார்.

செங்கமலம் அக்காவுக்கு மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியும் அளவு ஏறவில்லை. உள்ளே எங்கோ கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை என்கிறார் டாக்டர். தயிரைப் பற்றி நான் சொன்னதை நின்று கேட்டார். எழுதிக்கொள்ளவில்லை.

கசிவு எங்கே என்று எனக்குத் தெரிந்தது. அந்த வார்டின் கட்டில்கள் எல்லாம் பழைய இரும்புக் கட்டில்கள். பெயிண்ட் உரிந்து, கம்பிக்குக் கம்பி துரு. செங்கமலம் அக்காவின் கட்டிலிலும் அப்படித்தான், வலது பக்கக் கம்பியைத் தவிர. அவர் கை பிடித்திருந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரு முழம் நீளத்துக்கு அந்தக் கம்பி புதிதாக மின்னியது.

நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“பாத்தியா” என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. “இங்கயும் என் கை ராசி.”

பாக்கியம் அக்கா டம்ளர் தண்ணீரில் மஞ்சளைக் குழைத்தார். அவர் கையைக் கம்பியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். செங்கமலம் அக்கா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

“என்னடி பண்ற. நாலு பேரு பாக்கறாங்க. ஊர்ல தெரிஞ்சா என்ன பேசுவாங்க?” என்றார் செங்கமலம் அக்கா.

“ஊரு தண்ணில கெடக்கு. கையக் குடு.”

“வேணாம் பாக்கியம்.”

“குடுடின்னா.”

ஒரு கையை மட்டும் கொடுத்தார். பாக்கியம் அக்கா விரல் விரலாக, நகக்கண் வரை பூசினார். பூசும்போது அவருக்கே மூச்சு வாங்கியது, நடுவில் இரண்டு முறை நிறுத்தினார். நேற்று ஒருவழியாக என் ஊகத்தைச் சொன்னபோது, உள்ளே போய்விட்டதை மஞ்சள் என்ன செய்யும் என்று தெரியாது என்றுதான் பெனாசிரும் சொன்னாள். நான் அதைச் சொல்லவில்லை. இன்னொரு கை கம்பியிலேயே இருந்தது.

கிளம்பும்போது செங்கமலம் அக்கா என் கையுறையைப் பிடித்து நிறுத்தினார். கையுறையைக் கழற்றாமலே வார்டுக்குள் வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் கவனித்தேன்.

“ரகோத்தமன் சார் வந்துட்டுப் போனாரு. ஆப்பிள் வாங்கிட்டு வந்தாரு. பம்பு வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம், நாளைக்கு. எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் மொதல்ல. என் தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பிட்டேன்.”

“தங்கச்சிக்கா?”

“அவளுக்கும் வீட்டுக்காரரு இல்ல. கொரோனாவுல போனாரு. அண்ணன் வீட்டுப் பின்கட்டுல சாமான் தேச்சிட்டுக் கெடக்கறா. என்னய விடக் கை சூடு அவளுக்கு.”

“வேணாம்னு சொல்லுங்கக்கா. உங்களுக்கு இப்படி ஆனதே அதனாலதான்.”

“அவர்தான் சொன்னாரே, மாத்திரையில சரியாயிடும்னு.” கண்ணை மூடிக்கொண்டார். “போகட்டும் விடு. வான்னு கூப்டற எடம் வேற எங்க இருக்கு அவளுக்கு.”

தங்கையிடம் போன் கிடையாது. அண்ணன் வீடு எங்கே என்று கேட்பதற்குள் அவர் தூங்கிவிட்டார். நர்ஸ் எங்களை வெளியே அனுப்பிவிட்டார். பாக்கியம் அக்காவுக்கும் வீடு தெரியாது, படப்பை பக்கம் என்று மட்டும் தெரியும்.

நாளை செய்ய வேண்டியது. காலை எட்டு மணிக்கு முன்பே பெண்கள் மேல்நிலைப் பள்ளி வாசலில் இருக்க வேண்டும். செங்கமலம் அக்காவின் தங்கை முகம் எனக்குத் தெரியாது. பெயரும் கேட்டு வைக்கவில்லை. அதனால் வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்க வேண்டும்.